யாரு மகனேன்னு கூப்பிடுறது

வாங்க ஹஜ்ரத், வாங்க. அந்தக் கேட்ட இழுத்துச் சாத்திருங்க, ஆடு உள்ள வந்துரும். மையவாடிக்குள்ள ஆடு வந்தா ஒண்ணும் கெட்டுப் போவாது, ஆனா அதுக்குப் பின்னாடியே ஜமாஅத் செயலாளரு வந்துருவாரு. ஆட்டையாவது வெரட்டிரலாம்.

அந்தப் பூவரச மரத்து நெழல்ல கல்லு கெடக்கு பாருங்க, அதுல உக்காருங்க. யாரையும் அடக்குன கபுரு இல்ல, வெறுங்கல்லுதான், பயப்படாதிய. இங்கன இருக்கவுக யாரும் கடிக்க மாட்டாக. கடிக்கிறவுக எல்லாம் ஊருக்குள்ள இருக்காக.

நான் நெய்னா. குழி வெட்டுறவன். பயலுக எனக்குக் 'கடைசி வீட்டுக் கொத்தனாரு'ன்னு பேரு வச்சிருக்கானுவ. முப்பத்தஞ்சு வருஷமா வீடு கட்டிக் குடுக்கேன் ஹஜ்ரத். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் திரும்பி வந்து 'நெய்னா, கூரை ஒழுகுது'ன்னு சொன்னதில்ல. அப்படி வேல.

இல்ல இல்ல, மையத்து ஒண்ணும் விழல. பெரிய ஆலிம்சா கண்ணு ஆப்பரேசனுக்கு மதுரைக்குப் போயிருக்காக, வர்ற வரைக்கும் மூணு வாரத்துக்கு நீங்கதான் இமாமுன்னு சொன்னாக. விடியக்காலை பஜ்ருல நீங்க ஓதுனதக் கேட்டேன். நல்ல தொண்டை. அதுவும் இந்த ஊருக்குப் புதுத் தொண்டை. அதான் சுக்குக் காப்பி வாங்கிக் குடுத்து இங்கன கூட்டியாந்தேன். ஒரு காரியம் ஆகணும். ஆகுமா ஆகாதான்னு கிதாபு படிச்ச நீங்கதான் சொல்லணும். நான் மூணாப்பு. அதுலயும் பாதி நாளு வாத்தியாருக்கு வெத்தல வாங்கப் போயிட்டேன்.

உங்க தென்காசிப் பக்கம் தல்கீன் ஓதுவாகளா? ஓதுவாகல்ல? அல்ஹம்துலில்லா. பாதிக் கவல போச்சு.

நான் எப்படி வெளங்கி வச்சிருக்கேன்னு சொல்லுறேன், தப்புன்னா சொல்லுங்க. மையத்த உள்ள வச்சு, பலகை அடுக்கி, மண்ணத் தள்ளி மூடியாச்சு. எல்லாரும் மூணு கை மண்ணு போட்டாச்சு. அப்ப ஆலிம்சா தலமாட்டுல உக்காந்து உள்ள கெடக்கவன்கூடப் பேசுறாக. இந்தா பாரு, வானத்துலருந்து ரெண்டு மலக்கு வருவாக, பயந்துராத, உன் ரப்பு யாருன்னு கேப்பாக, அல்லான்னு சொல்லு, உன் நபி யாருன்னு கேப்பாக, தொழும்போது நீ திரும்புற கிப்லா எதுன்னு கேப்பாக, இன்னின்னது சொல்லுன்னு சொல்லிக் குடுக்காக. நான் இத என்ன சொல்லுவேன்னா, பரீச்சைக்குப் போற பயலுக்கு வாசல்ல நின்னு பிட்டு குடுக்குறதுன்னு சொல்லுவேன். ஆலிம்சா ஒரு நா அதக் கேட்டுட்டுச் சிரிச்சுட்டாக. அப்புறம் சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செஞ்சாக.

ஆனா பிட்டு குடுக்குறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லிக் கூப்பிடணும்ல. அதுலதான் இருக்கு விஷயம். வாப்பா பேர வச்சுக் கூப்பிடுறதில்ல. உம்மா பேரு. இன்னாரே, இன்ன உம்மா பெத்த மகனேன்னு. மூணு தடவ. மொதத் தடவ கூப்பிடும்போது உள்ள இருக்கவனுக்குக் கேக்கும், ரெண்டாவதுல எந்திரிச்சு உக்காருவான், மூணாவதுல 'என்னா'ம்பான், நமக்குத்தான் கேக்காதுன்னு ஆலிம்சா சொல்லுவாக. அதனால ஒவ்வொரு அடக்கத்துலயும் ஆலிம்சா தலைய நிமித்தி, 'உம்மா பேரு என்ன?'ம்பாக. சொந்தக்காரன் எவனாவது சொல்லுவான். அவ்வளவுதான். முந்நூறு நானூறு அடக்கத்துல நானும் கால்மாட்டுல நின்னு கேட்டிருக்கேன். எனக்கே மனப்பாடம்.

அந்தா மதிலோரம், நொச்சிக் கொப்பு நட்டிருக்கு பாருங்க. தலப்பக்கம் மண்ணு உள்வாங்கிக் கெடக்குல்ல. அது பிச்சைக்கனி. அவன் அடங்கி இன்னையோட நாப்பத்தஞ்சு நாளு.

அந்த மண்ணப் பத்தி அப்புறம் சொல்லுறேன். மொதல்ல ஆளச் சொல்லுறேன்.

சாம்பிராணி போடுறவன். வெள்ளிக்கிழமை காலையில சட்டியில கங்கு, தோள்ல மயிலெறகு, கக்கத்துல பை. பசாருல அம்பது அறுவது கடை. நாடார் கடை, செட்டியாரு கடை, நம்மாளு கடை எல்லாத்துலயும் ஏறி, புகை காட்டி, எறகால தட்டி, 'பரக்கத்து பெருகட்டும்'னு சொல்லிட்டு எறங்குவான். எவனும் எந்தச் சாமின்னு கேக்கல. புகை வந்தா யாவாரம் நடக்கும், அவ்வளவுதான். நான் அவங்கிட்டச் சொல்லுவேன்: 'லே, நீ புகை போடுற கடையெல்லாம் மாடி கட்டிட்டானுவ, நீ மட்டும் அதே கிழிஞ்ச கைலி. புகைய ஒரு நா உன் பக்கமும் திருப்பிப் பாரேன்'னு. சிரிப்பான். சிரிச்சா இருமுவான். ரெண்டும் ஒண்ணா வரும் அவனுக்கு.

நானும் அவனும் ஒரே தெரு. ஒண்ணா ஓதப் போனோம், ஒண்ணா அடி வாங்குனோம். அவன் உம்மா செய்தூன் பீவி. அந்தப் பொம்பளைக்கு இவனுக்கு முன்னாடி மூணு பிறந்து மூணும் மௌத்து. ஒண்ணு நாப்பது நாள்ல, ஒண்ணு பல்லு மொளைக்கும்போது, ஒண்ணு நடக்கும்போது. நாலாவது இவன். வாப்பா சிலோனுக்குப் போனவரு போனவருதான். அந்தக் காலத்துல பொம்பளைக என்ன செய்வாக? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கிதாபுல இருக்காது. புள்ளையத் தவுட்டுக்கு வித்துருவாக.

ஆமா, மாட்டுக்கு வைக்கிற தவுடுதான். பிள்ளையச் சொளவுல போட்டு குப்பைமேட்டுல வைப்பாக. வேத்து வீட்டுப் பொம்பள வந்து, 'யாரு புள்ள இது, அநாதையாக் கெடக்கு'ம்பா. ஒரு படி தவுடு குடுத்து வாங்கிக்குவா. அன்னையிலருந்து அது அவ புள்ள. மௌத்து தேடிக்கிட்டு வரும்போது, செய்தூன் பீவி மகன் எங்கன்னு கேக்கும். செய்தூன் பீவிக்குத்தான் மகனே இல்லையே! போயிரும். கேக்கச் சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பய பொழைச்சான்ல. அம்பத்தாறு வருஷம் இருந்தான்.

வாங்குனது முத்துப்பேச்சி. உப்பளத்துல வேல பாத்த பொம்பள. அப்ப எங்க தெருவுக்குப் பின்னாடி அவுக குடிச. இப்ப மூணு மைல் தள்ளி அளத்துக் குடியிருப்புல இருக்கு. அதுக்கும் புள்ள இல்ல. வாங்கிட்டு விட்டுட்டாளான்னா அதான் இல்ல. பாலு செய்தூன் பீவிகிட்ட, பேரு இவகிட்ட. இவனுக்குச் சுன்னத்து வச்சப்ப சட்டை எடுத்துக் குடுத்தது முத்துப்பேச்சி. ஓதுற பள்ளிக்கு நாங்க போறப்ப வாசல் வரைக்கும் கூட வருவா. வெளிய நின்னு நாங்க அலிப் பே சொல்லுறதக் கேட்டுட்டு, 'எம் புள்ள சத்தந்தான் பெருசாக் கேக்குது'ம்பா. அவனுக்கு அப்ப 'பே'யே வராது.

செய்தூன் பீவிதான் பாவம். வித்த புள்ளைய 'மோனே'ன்னு கூப்பிடக்கூடாது. கூப்பிட்டா மௌத்து காதுல விழுந்துரும். 'ஏ தவுடு, சோறு தின்னுட்டுப் போ'ம்பா. 'ஏ பேச்சி மகனே, சட்டையக் கழட்டு'ம்பா. அவனுக்கு எட்டு வயசு நடக்கும்போது அவ போயிட்டா. ஒரு நா, ஒரே ஒரு நா மகனேன்னு கூப்பிட்டுக் கேட்டதில்ல நான். பக்கத்து வீட்டுக்காரன், எனக்குக் கேக்காமலா இருக்கும்?

அதுக்கப்புறம் அவனுக்குச் சோறு பேச்சி வீட்டுல. தொழுக பள்ளியில. கடைசி வரைக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பசார் முடிச்சுட்டு கடைசிப் புகை அவ வீட்டுக்கு. அங்க ஒரு அம்மன் படம் இருக்கு. ஜும்ஆவுக்கு நேரமாச்சுன்னு சட்டியோட ஓடியாருவான்.

சரி. நான் அவனக் கிண்டல் பண்ணுவேன். ஊருக்கே தெரியும். கிண்டல்னா என்ன கிண்டல், சேக்காளிக்குள்ள பேசுறதுதான. 'ஏலே முத்துப்பேச்சி மவ்வ்வனே'ன்னு நான் தெருமொனையில இருந்து இழுத்துக் கூப்பிட்டா பசாரே திரும்பும். ஒரு ராகம் வச்சிருந்தேன் அதுக்கு. சின்னப் பயலுகளும் அதே ராகத்துல கூப்பிடுவானுவ. அவன் ஒரு நா கோவிச்சதில்ல. சிரிப்பான், இருமுவான். அவனுக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பிடிக்கலன்னா சொல்லியிருப்பான்ல? நாப்பது வருஷத்துல ஒரு நா சொல்லியிருக்க மாட்டானா?

ஒரு தடவ, இதச் சொல்ல வேண்டாம்னு பாத்தேன், ஒரு தடவ அவனுக்குப் பொண்ணு பேசி வந்தாக. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊரு. நாலு பேரு வந்து டீக்கடையில உக்காந்திருக்காக. எனக்கு அவுக யாருன்னு தெரியாது. சரி, தெரியும். தெரிஞ்சுதான், கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டுமேன்னு, 'மாப்பிள வெல தெரியுமா? ஒரு படி தவுடு. பேச்சி பில்லு வச்சிருக்கா, வேணும்னா பாத்துக்கங்க'ன்னேன். கடையே சிரிச்சுச்சு. அவுகளும் சிரிச்சாக. அப்புறம் வரல. அதுக்கு நானா காரணம்? அவுக முன்னாடியே யோசிச்சுட்டுத்தான் இருந்திருக்காக. வேற எங்கயோ முடிச்சுட்டாகன்னு கேள்வி. இவனும் அப்புறம் பொண்ணு பாக்கல. சாம்பிராணிக்காரனுக்கு எவன் குடுப்பான், சொல்லுங்க.

கல்யாணத்துக்கு மொத நாளுதான் தவுட்டத் திருப்பிக் குடுத்து புள்ளைய மீட்டுக்குவாக. இவனுக்கு அந்தச் சோலி வராமலே போச்சு.

போன சித்திரையில இருந்து இருமல் கூடிப்போச்சு. நாப்பது வருஷப் புகை நெஞ்சுக்குள்ள. ஆசுபத்திரியில படம் புடிச்சுப் பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாக. பள்ளிக்குப் பின்னால ஒரு ரூம்பு, அதுல படுத்துருந்தான். நான்தான் கஞ்சி கொண்டு போவேன். ஒரு நா சாயங்காலம் அஸருக்கு அப்புறம், என் கையப் புடிச்சுட்டுச் சொல்லுறான்:

'நெய்னா, தல்கீன்ல ஆலிம்சா உம்மா பேரு கேப்பாகள்ல? முத்துப்பேச்சின்னு சொல்லிரு.'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அதுக்கு நீ மொதல்ல மௌத்தாகணும்லடா. தேதியச் சொல்லு. மழைக்கு முந்தியா பிந்தியா? ஈர மண்ணுன்னா எனக்கு வேல லேசு'ன்னேன்.

சிரிச்சான். இருமுனான். இருமி முடிச்சுட்டு, 'வெளாடாத நெய்னா'ன்னான். நாப்பது வருஷத்துல அந்த வார்த்தையச் சொன்னது அன்னைக்குத்தான். 'செய்தூன் மகனேன்னு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். பழக்கமில்ல. வேற யாரையோ கூப்பிடுறாகன்னு படுத்துக் கெடப்பேன். பதிலெல்லாம் காதுல விழாமப் போயிரும்'னான்.

நான் 'சரிடா, பேச்சி பேரையும் சொல்லுறேன், உப்பு வெலையையும் சொல்லுறேன், கஞ்சியக் குடி'ன்னேன்.

எட்டாவது நாளு மௌத்து. திங்கக்கெழமை. மத்தியானம் லுஹருக்கு அப்புறம் அடக்கம். குழி நான்தான் வெட்டுனேன். அவனுக்குன்னு ஒரு சாண் கூடுதலா வெட்டுனேன், இருமும்போது முழங்காலு மடக்க எடம் வேணும்ல.

நல்ல கூட்டம். பசாருல கடைய அடைச்சுட்டு நாடாருங்க வந்து மதிலுக்கு வெளிய நின்னாக. உள்ள நம்மாளுக. அதுல நம்ம சங்கத்துப் பயலுக ஏழெட்டுப் பேரு, கையக் கட்டிக்கிட்டு ஒரு ஓரமா. கெட்ட பயலுக இல்ல, ரத்தம் குடுக்கணும்னா மொத ஆளா நிப்பானுவ. ஆனா தல்கீனு, பாத்திஹா, கொடியேத்தம் எல்லாம் மார்க்கத்துல இல்லம்பானுவ. ஆலிம்சா எங்கயாவது வழுக்க மாட்டாகளான்னு பாத்துட்டு நிப்பானுவ. அதுல ஒருத்தன் எங்கிட்ட, 'நெய்னா காக்கா, செத்தவனுக்குப் பாடம் எடுத்தா கேக்குமா?'ன்னான். 'உயிரோட இருக்க உனக்கு எடுத்தே கேக்கலையே தம்பி'ன்னேன். சுத்தி இருந்தவுக சிரிச்சாக. அவன் மொறைச்சான்.

அந்த நேரம் பாத்து ஆலிம்சா தலமாட்டுல உக்காந்தாக. தலைய நிமித்துனாக. 'உம்மா பேரு?'ன்னாக.

சொந்தம்னு ஒருத்தரும் இல்ல. எல்லாரும் என்னையப் பாத்தாக.

ஹஜ்ரத், என் வாயி எப்படிப்பட்ட வாயின்னு இந்த ஊருக்குத் தெரியும். கலெக்டரு வந்தாலும் நிக்காது. பொணத்து முன்னாடியும் நிக்காது. முத்துப்பேச்சிங்கற பேர நாப்பது வருஷமா நாளுக்கு நாலு தடவ சொன்ன வாயி. அன்னைக்கு ஒரு தடவ சொல்லியிருக்கணும். ஒரே தடவ.

நான் அந்தப் பயலுகளப் பாத்தேன். உப்பளத்துக்காரி பேர கபுருக்கு மேல சொன்னா, ஆலிம்சா மானம் போயிரும், பெரிய ரகளையாயிரும்னு தோணுச்சு. ஆலிம்சாவுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல. அப்புறம், நான் சொன்னா எல்லாரும் சிரிச்சுருவாகளோன்னும் இருந்துச்சு. நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிற ஊரு இது. அடக்கத்துல சிரிச்சா நல்லாவா இருக்கும்?

'செய்தூன் பீவி'ன்னேன். குரலத் தாழ்த்தி, மரியாதையா. வாழ்க்கையில மொதத் தடவ ஒரு வெளாட்டு இல்லாமப் பேசுனேன், பாத்துக்கங்க.

ஆலிம்சா கூப்பிட்டாக. செய்தூன் பீவி பெத்த மகன் பிச்சைக்கனியேன்னு. ஒண்ணு. ரெண்டு. மூணு. நான் கால்மாட்டுல நிக்கேன். உள்ள ஒருத்தன் முதுகக் காட்டிப் படுத்துருக்க மாதிரியே இருந்துச்சு எனக்கு. மேல எல்லாப் பதிலையும் சொல்லுறாக. அழகாச் சொல்லுறாக. யாரு வீட்டுக் கதவையோ தட்டி, யாருக்கோ.

ஓதி முடிச்சு எல்லாரும் கெளம்பியாச்சு. போறவுக செருப்புச் சத்தம் உள்ள இருக்கவனுக்குக் கேக்கும், நாப்பதாவது எட்டு வச்சதும் மலக்கு வந்துருவாகன்னு எங்க ஊருல சொல்லுவாக. நான் கடைசியாத்தான் போவேன், மம்பட்டி, கூடை எல்லாம் எடுக்கணும்ல. நடந்தேன். எண்ணிக்கிட்டே நடந்தேன். முப்பத்தொம்போதாவது எட்டுல காலு நின்னுக்கிச்சு. ஒரு கால் மண்ணுல, ஒரு கால் அந்தரத்துல. அந்தா, அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட. ஊருல எவனாவது பாத்திருந்தா நெய்னாவுக்குக் கொக்கு புடிச்சுருச்சும்பான். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் ஒரு கூறு வந்துச்சு. மத்தவன் எல்லாம் டீக்கடைக்கே போய்ச் சேந்துட்டானுவ. நான் ஒருத்தன் காலத் தூக்கிட்டு நின்னா மலக்கு நிப்பாகளா? கால வச்சுட்டேன்.

மூணாம் நாளு வந்து பாக்கேன், தலப்பக்கம் மண்ணு உள்வாங்கியிருக்கு. ஒரு தலகாணி அளவு. இது மணல் பூமி, எறங்கத்தான் செய்யும்பிய. நான் கட்டுனதுல எறங்கல ஹஜ்ரத். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒண்ணு எறங்கல. மண்ணு அள்ளிப் போட்டு மட்டம் பண்ணுனேன். வெள்ளிக்கெழமை வந்தேன். எறங்கியிருக்கு. போட்டேன். மறு வெள்ளி. எறங்கியிருக்கு. இது வரைக்கும் பதினோரு கூடை போட்டாச்சு. போட்ட மண்ணு எங்க போவுது? ஆறடி ஆளுக்கு மேல ஆறு ஆளு மண்ணு போயிருக்கு. ஒருத்தன் புரண்டு புரண்டு படுத்தா எப்படி மெத்தை குழியும், அப்படிக் குழியுது. வெள்ளிக்கெழமை காலையில அங்கன நின்னா சாம்பிராணி வாசமும் வருது. பசாருல எவனோ ஊதுவத்தி கொளுத்துறான், காத்துல வருதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காத்து அப்ப கடல் பக்கம் இருந்து அடிக்கும். கடல்ல எவன் கடை வச்சிருக்கான்?

தாங்க முடியாம ஆலிம்சாகிட்டப் போனேன். உள்ளது உள்ளபடி சொல்லல நான். 'பேர மாத்திச் சொல்லிட்டா என்ன ஆகும்?'னு மட்டும் கேட்டேன். ஒரு வாரம் கிதாபு புரட்டிட்டுக் கூப்பிட்டு விட்டாக. கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு என்னைய ரொம்ப நேரம் பாத்தாக. பொரை விழுந்த கண்ணு, எது தெரிஞ்சுச்சோ.

'நெய்னா, உம்மா பேரு தெரியலன்னா ஹவ்வா மகனேன்னு கூப்பிடச் சொல்லியிருக்கு. எல்லாருக்கும் தாய் அவுகதான. அவனுக்கு பதில் வைக்கிறவன் அல்லா. நம்ம சொல்லுறது அவனுக்காகக் கேக்குற ஒரு துஆ. கூப்பிடுறவன் பெசகுனா, படுத்துருக்கவன் தலையில அது விழாது'ன்னாக.

'ஹவ்வா மகனேன்னு கூப்பிட்டா மையவாடியில அத்தன பேரும் எந்திரிச்சு உக்காந்துருவாகளே ஆலிம்சா, அப்புறம் யாரு அவுகளத் திரும்பப் படுக்க வைக்கிறது, கூலி யாரு குடுப்பா?'ன்னேன்.

அவுக சிரிக்கல. 'படுத்துருக்கவன் தலையில விழாதுன்னுதான் சொன்னேன்'னாக. அவ்வளவுதான். மறுபடி ஓதுங்கன்னு கேக்க எனக்கு நாக்கு வரல. மறுபடி ஓதச் சொன்னா ஏன்னு கேப்பாகள்ல.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. முத்துப்பேச்சிக்கு மௌத்துச் சேதிய நான் சொல்லி அனுப்பல. நான் சொல்லி விடுறேன்னு எல்லாருகிட்டயும் சொன்னது நான்தான். மறந்துட்டேன்னு வச்சுக்கங்களேன். அது அங்கன ஒவ்வொரு வெள்ளியும் வாசல்ல உக்காந்து, ஒடம்பு சரியானா வருவான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கு. மூணாவது வெள்ளி பொறுக்க மாட்டாம ஒரு உப்பு லாரியில ஏறி பசாருக்கு வந்து, ஆறுமுக நாடார் கடையில கேட்டிருக்கு. அவரு சொல்லியிருக்காரு.

இந்தக் கேட்டுக்கிட்ட வந்து நின்னுச்சு. எம்பது வயசு. உள்ள வரல. நான் மண்ணுக்கூடையோட நிக்கேன். சத்தம் போடும், மண்ண வாரித் தூத்தும்னு நெனச்சேன். ஒண்ணும் இல்ல. 'ஏ நெய்னா, எம் புள்ளைய எங்கய்யா வச்சிருக்க?'ன்னுச்சு. கையக் காட்டுனேன். கண்ணு தெரியல அதுக்கு, கை போன பக்கம் பாத்துச்சு.

'கூப்பிடும்போது எம் பேரச் சொன்னீகளா? சொல்லச் சொல்லுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்'னுச்சு.

நான் என்ன செய்யட்டும்? 'சொன்னோம் ஆத்தா'ன்னேன்.

'எத்தன தடவ?'

'மூணு தடவ.'

'திரும்புனானா?'

'திரும்புனான்'னேன்.

அப்படியே கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. மொகமே மாறிப்போச்சு. ஒரு சின்னப் புள்ள மாதிரி ஆயிருச்சு மொகம். 'எங்க ஆளுகள்ல இப்படிக் கூப்பிட்டுச் சொல்லுறதெல்லாம் கெடையாதுய்யா. கொண்டு போய் வச்சு எரிச்சுட்டு வந்துருவாக. ஆனா எனக்குப் பயமில்ல. அவன் முன்னாடி போயிருக்கான்ல. திரும்புனான்ல. நான் வரும்போது அவன் கூப்பிடுவான்'னுச்சு. எந்திரிச்சுப் போயிருச்சு. லாரி வரைக்கும் நான்தான் கையப் புடிச்சுக் கொண்டு விட்டேன். வழியில ஒரு வெளாட்டுப் பேச்சு வரல எனக்கு.

நேத்து ஆள் வந்து சொன்னான். முத்துப்பேச்சிக்குத் தண்ணி எறங்கமாட்டேங்குதாம். ரெண்டு நாளோ மூணு நாளோங்கான்.

வெளங்குதா ஹஜ்ரத்? அது போயி அங்கன நிக்கும். எம் புள்ள எங்கன்னு கேக்கும். இவன் இங்கன முதுகக் காட்டிப் படுத்துருக்கான். யாரையும் கூப்பிட மாட்டான். இவனையே யாரும் இன்னும் கூப்பிடல. மார்க்கப்படி ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கா போவாகன்னு எங்கிட்டக் கேக்காதிய. மூணாப்புக்கு அந்தக் கேள்வி வராது. அதுகிட்டச் சொன்ன பொய்ய நெசமாக்கிரணும், அது போறதுக்குள்ள. அதுதான் காரியம்.

நீங்க கேப்பிய, உனக்குத்தான் தல்கீன் மனப்பாடமாச்சே, நீயே கூப்பிட்டுற வேண்டியதுதானன்னு. கூப்பிட்டுப் பாத்துட்டேன். போன வாரம் புதன்கெழமை, காலையில, ஒருத்தரும் இல்லாத நேரம். கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு, தலமாட்டுல போய் முட்டி போட்டு உக்காந்தேன். பிஸ்மி சொன்னேன். எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. பேரு வந்த எடத்துல பாருங்க, 'முத்துப்பேச்சி மவ்வ்வனே'ன்னு அதே ராகம். தெருமொனை ராகம். நான் வேணும்னு செய்யல ஹஜ்ரத், அல்லா மேல ஆணையா. நிறுத்திட்டு, தொண்டையச் செருமிட்டு, மறுபடி சொன்னேன். அதே ராகம். பல்லக் கடிச்சுட்டு, மெதுவா, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிப் பாத்தேன். இன்னும் மோசம், நக்கல் பண்ணுற மாதிரியே இருந்துச்சு. இந்த வாயிக்கு அந்தப் பேர வேற மாதிரிச் சொல்லத் தெரியல.

அப்ப கீழ இருந்து ஒரு சத்தம். இருமல் மாதிரி. சிரிச்சுட்டு இருமுவான்னு சொன்னேன்ல, அது மாதிரி. கேட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கேக்கலன்னும் பண்ண மாட்டேன். சிரிப்பு இருந்துச்சான்னு கேட்டா... இல்ல. வெறும் இருமல்தான். நாப்பது வருஷமா வெறும் இருமல்தானோ என்னவோ.

அதான் உங்களக் கூட்டியாந்தேன். உங்க கொரல் அவனுக்குத் தெரியாது. நீங்க யாருன்னும் தெரியாது. நீங்க கூப்பிட்டா நெசம்னு நெனப்பான். பேரு முத்துப்பேச்சி. உப்பளத்து முத்துப்பேச்சி. கூடாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வேற ஆளு பாக்கேன். வேற ஆளு இல்ல, ஆனா பாக்கேன்.

எந்திரிக்கியளா? செருப்ப அங்கனயே விட்டுட்டு வாங்க, நெருஞ்சி கெடக்கும், பாத்து. தலமாடு மதிலுப் பக்கம். குழிஞ்ச எடத்துக்கு நேர உக்காருங்க. மூணு தடவ. நடுவுல கொஞ்சம் நேரம் விடுங்க, அவனுக்கு எந்திரிக்க நேரமாகும்.

நான் கேட்டுக்கு வெளிய போயிருதேன். நான் பக்கத்துல நின்னா நம்ப மாட்டான்.